ஒரு மிஸ்டு கால் என்றால் கடல், இரண்டு என்றால் ஆறு

11.10.2012, வியாழன்

காலையில் வெயில். பத்து மணிக்கு மேல் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பர்ஸ்ட் ஷிப்ட். கன்வேயர் பெல்ட் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் என் தப்பு இல்லை.

ஷிப்ட் முடிந்து, நிலக்கரி மைன்ஸ் தண்ணீர் போகும் வாய்க்கால். தெளிவு, மிதமான ஓட்டம். ரப்பர் தவளை கட்டி பதினைந்து வீச்சு. ஒரு விரால், முக்கால் கிலோ இருக்கும். முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விட்டேன். புரட்டாசி. வீட்டுக்குள் மீன் வாசம் வந்தால் மல்லிகா மீனோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளிவிடுவாள்.

விசாரித்த வரையில்:
வெள்ளாற்று முகத்துவாரம்: தண்ணீர் நன்றாக உப்பு ஏறியிருக்கிறது. மடவை மீன் கூட்டம் கூட்டமாக உள்ளே. மடவைக்குப் பின்னால் கொடுவா வரும்.
கடல்: தெற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வடகிழக்கு வாடைக்காற்று இன்னும் பிடிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் வஞ்சிரம் கரைப் பக்கம் வரும். வருஷத்தில் பத்து நாள் கிடைத்தால் பெரிது.

கிடைத்து என்ன. நான் போகப் போவதில்லை. துணை இல்லாமல் தூண்டில் போடுவதும் தனியாகச் சீட்டு ஆடுவதும் ஒன்று.

தூண்டில் நரம்பு புதிதாகச் சுற்ற வேண்டும். கரண்ட் பில். அம்மாவாசைக்கு வாழைக்காய், பூசணி.

12.10.2012, வெள்ளி

மேகம் இல்லை. காற்றும் இல்லை. மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

காடாம்புலியூரிலிருந்து மச்சான் போன். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, போன் சார்ஜ் போட பண்ருட்டி கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். இங்கே டவுன்ஷிப்பில் கரண்ட் போவதே கிடையாது என்பதை அவரிடம் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. நான்தான் கரண்டைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி பேசுகிறார்.

கேன்டீனில் செல்லையாவின் குரல். வேண்டுமென்றே எனக்குக் கேட்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து படகில் வஞ்சிரத்துக்குப் போகிறானாம். நான் சாம்பார் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று, பேசி. ஜூலையில் முகத்துவாரத்தில் அவன் தூண்டிலில் ஒரு கொடுவா. பத்து கிலோவுக்குக் குறையாது. அரை மணி நேரம் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தான். கைவலை என்னிடம். நான் வலையை நீட்டிய வேகத்தில் வளையம் நரம்பில் இடித்து அறுந்தது. போயிற்று. அவன் நாலு பேர் முன்னால், கடற்கரை தெரியாதவனிடம் வலையைக் கொடுத்தது என் புத்தி என்றான். நான், தூத்துக்குடியில் பிறந்தவனெல்லாம் மீன் பிடிக்கிறவன் ஆகிவிட முடியாது, வெல்டிங் கம்பியைப் பிடி போதும் என்றேன். இப்போது எழுதும்போது இரண்டும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்று இல்லை.

அவனும் நானும் பத்தொன்பது வருஷ சேர்க்கை. அவன் வொர்க்‌ஷாப்பில், நான் மைன்ஸில். வீடு அடுத்தடுத்த பிளாக். வீட்டுக்காரிகள் இருவரும் வழக்கம்போல் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்கிறார்கள். நாங்கள்தான்.

13.10.2012, சனி. புரட்டாசி கடைசி சனி

4.30 காலை. தோட்டத்தில் நின்று, ஸ்டேஷன் விளக்கு வெளிச்சத்தில் புகை பார்த்தேன். மூன்று மாதமாக யாருக்கும் சொல்வதில்லை, ஆனாலும் பார்க்காமல் பல் விளக்க முடியவில்லை.

பழைய பவர் ஸ்டேஷன் புகைபோக்கி குட்டை, புகையும் குட்டை. அது கிழக்கே சாய்ந்து போகிறது, வழக்கமான நிலக்காற்று. புதிய ஸ்டேஷன் புகை நெட்டை. அது மேலே போனதும் தென்மேற்கே மடங்குகிறது. ஒரே நேரத்தில் இரண்டு புகையும் இரண்டு பக்கம்.

மேலே வாடை வந்துவிட்டது. கீழே இன்னும் இறங்கவில்லை. இறங்க ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். இறங்கும்போது கதவை உதைத்துத் திறப்பதுபோல்தான் இறங்கும். அதோடு திங்கள் அம்மாவாசை, கடல் ஏற்றம் இறக்கம் இரண்டும் பெரிது. முகத்துவாரத்தில் வெளியே போகிற தண்ணீரும் உள்ளே வருகிற அலையும் முட்டிக்கொண்டால் ஃபைபர் படகு என்ன ஆகும் என்று படகுக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

நாளைக்குக் கடல் ஆகாது. சந்தேகமே இல்லை.

இந்தப் புகை விஷயத்தை எங்கும் எழுதியதில்லை, எழுதி வைக்கிறேன். என் வீட்டுத் தோட்டத்திலிருந்து இரண்டு ஸ்டேஷனும் தெரியும். செல்லையா வீட்டிலிருந்து வேப்பமரம்தான் தெரியும். அதனால் நான் போனாலும் போகாவிட்டாலும் பார்த்துச் சொல்வது என் வேலை. எப்படிச் சொல்வது என்பதில்தான் சூது. சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்க மாட்டேன் என்று மல்லிகாவுக்குச் சத்தியம் செய்தவன் நான். போனில் கடல் என்ற வார்த்தை வந்தால் அவள் காது தானாக நீளும். அதனால் மிஸ்டு கால். ஒன்று என்றால் கடல். இரண்டு என்றால் ஆறு. வரவில்லை என்றால் போர்த்திக்கொண்டு தூங்கு. ஏழு வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே.

சண்டைக்குப் பிறகு நான் அடிப்பதில்லை. அவனும் என்னைக் கேட்காமலே வாரா வாரம் கடலுக்குப் போய்வருகிறான் என்று அவன் மனைவி ஜெயா மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெயா கடற்கரையில் பிறந்தவள், அவளுக்கு அது கடைக்குப் போய்வருவது மாதிரி.

மாலை 5. சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அவன் வாசல் படியில் ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்து இன்னும் அழுத்தித் துடைத்தான். என் கால் நேராகப் போகாமல் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருக்கிறது.

மல்லிகாவிடம், ஜெயாவுக்குப் போன் போட்டு நாளைக்குக் காற்று சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இன்னாங்க தெரியும் காத்தப் பத்தி? ஒரு தெரு தாண்டி இருக்காரு. வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?”

சரி என்று விட்டுவிட்டேன். அவனும் கடலில் பிறந்தவன்தானே, அவனுக்குத் தெரியாதா என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

14.10.2012, ஞாயிறு

4.40 காலை. குட்டைப் புகை நேராக நிற்கிறது. நெட்டைப் புகை உடைந்து தென்மேற்கே கிடக்கிறது. பத்து மணிக்குள் காற்று இறங்கும். போன் கையில். அடிக்காமல் இருப்பதே அடையாளம்தானே என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக அடிக்காமலே போகிறவனுக்கு அது என்ன அடையாளம் என்றும் நினைத்தேன். 5.05 ஷிப்ட் பஸ். மைன்ஸுக்குள் டவர் கிடைக்காது, வழக்கம்போல் போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

2.50 பிற்பகல். வீடு. இதை நின்றுகொண்டு எழுதுகிறேன், மல்லிகா ஹெல்மெட் தேடுகிறாள்.

9.45க்குக் காற்று இறங்கியது. மேல்மண் கொட்டும் பக்கமிருந்து தூசி மொத்தமும் தென்மேற்கே பறந்தது. கேபின் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பார்த்தது சரி என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மல்லிகா பக்கத்தில் வந்து நின்றாள். சிரித்த முகம்.

“காலையில நீங்க போனதும் உங்க போன்லேர்ந்து அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தேங்க.”

எத்தனை தடவை என்று கேட்டேன்.

“ஒரு தடவதான். திருப்பிக் கூப்புட்டா பேச்சு ஆரம்பிக்குமேன்னு. ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கறதப் பாக்க சகிக்கல.”

ஒரு தடவை. ஐந்தே கால் மணிக்கு. என் நம்பரிலிருந்து. நான் அடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம்தான் பிந்தி.

கணக்கைச் சொன்னேன். ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு போயிற்று.

“அப்ப நீங்களும் கடலுக்குதான் போய்க்கினு இருந்தீங்க.”

ஆமாம் என்றேன்.

“அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல கெளம்புங்க.”

செல்லையா போன் சுவிட்ச் ஆஃப். வீரமுத்து போனும் ஆஃப். அந்தப் பக்கம் கரண்ட் இல்லை என்றால் யார் போனிலும் உயிர் இருக்காது. அதனால்தான் ஆஃப். அதனால்தான்.

4.55. முடசலோடை, வீரமுத்து படகு கிளம்பும் கரை. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், எங்கும் நிற்கவில்லை. வழி முழுக்கக் காற்று பக்கவாட்டில் தள்ளியது.

கரையில் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடக்கின்றன. வீரமுத்து படகு இல்லை. செ. பைக் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஹேண்டிலில் அவன் மதியச் சாப்பாட்டுப் பை. எடுத்துக்கொள்ள மறந்திருக்கிறான். சந்தோஷத்தில் கிளம்பினால்தான் அவனுக்கு மறதி வரும்.

5.15. முகத்துவாரம் வெள்ளை வெளேரென்று உடைகிறது. வற்றம் வேறு, தண்ணீர் ஆழமில்லை. இதற்குள் எந்தப் படகும் நுழைய முடியாது. வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். வடக்கே போனவர்கள் பதினோரு மணிக்கே திரும்பிவிட்டார்களாம். வீரமுத்து தெற்கே, ஒன்பது பாகம் ஆழத்தில் நின்றதைக் காலையில் பார்த்தவர் உண்டு. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர், “வீரமுத்து வெவரமான ஆளுங்க, ஓடிக்குவான்” என்றார். எங்கே ஓடுவான் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

5.30. மல்லிகா போன். ஜெயா வீட்டில் இருக்கிறாள். ஜெயாவிடம் மிஸ்டு கால் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். ஜெயா ஒன்றும் சொல்லவில்லையாம், இரண்டு பேருக்கும் காப்பி போட்டாளாம். குடிக்கவில்லையாம்.

5.45. சும்மா நிற்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.
வாடை, பலம். அலை இடுப்புக்கு மேல். தண்ணீர் கலங்கல், சாம்பல் நிறம். பறவை ஒன்றும் இல்லை. மடவை ஒன்றும் இல்லை.
பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் நான் சொல்லாதது என்று ஒன்றே ஒன்றுதான். நேற்று சாயந்திரம் சொல்லாதது. எண்ணெய் வாங்கப் போனேன்.

6.05. தெரியாத நம்பர். எடுத்தேன்.

“என்னவே, உம்ம புகைக்கு இன்னைக்கிக் கண்ணு தெரியலையோ?”

அவன்தான். அவன்தான். பழையாறு துறைமுகத்திலிருந்து. இரண்டு பேரும் பத்திரம்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, தண்ணி குடிங்க என்று பாட்டிலை நீட்டினார்.

15.10.2012, திங்கள். மகாளய அம்மாவாசை

லீவு சொல்லிவிட்டேன். காற்று இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். தோட்டத்தில் கொடிக்கயிறு அறுந்து துணியெல்லாம் மண்ணில். மல்லிகா ஒரு வார்த்தை திட்டவில்லை, திரும்ப அலசினாள். குளித்து, தர்ப்பணம் கொடுத்து, படையல் போட்டேன். அப்பா, தாத்தா பெயர் சொல்லும்போது இந்த வருஷம் இன்னொரு பெயர் சேராமல் தப்பியதே என்று பாதியில் நிறுத்திவிட்டேன். ஐயர் தர்ப்பை சரியில்லையா என்று கேட்டார்.

நேற்று மிச்சம்: அங்கிருந்து நேராகப் பழையாறு. டீக்கடை பெஞ்சில் யாருடைய கைலியோ கட்டிக்கொண்டு பரோட்டா தின்றுகொண்டிருந்தான். கண் சிவந்து, உப்பு காய்ந்து, தாடி வெள்ளை பூத்த மாதிரி. என்னைப் பார்த்து பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அவ்வளவுதான் சமாதானப் பேச்சுவார்த்தை. இன்னொரு பரோட்டா சொன்னான்.

நடந்தது (அவன் சொன்னபடி): ஏழரைக்கு வெளியே. தண்ணீர் கண்ணாடி. எட்டரைக்கு ஒரு வஞ்சிரம், நாலு கிலோ. இன்னும் தெற்கே போனார்கள். பத்து மணிக்கு வடகிழக்கே கடல் கறுத்தது, ஐந்து நிமிஷத்தில் அலை எழும்பிவிட்டது. என்ஜின் ஒரு தடவை நின்றது. வீரமுத்து முகத்துவாரத்துக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்து, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பழையாறுக்கு ஓட்டினார். வழியில் ஐஸ் பெட்டி, இரண்டு தூண்டில் ராடு, செல்போன் எல்லாம் கடலுக்கு. பிற்பகல் மூன்றரைக்குத் துறைமுகத்துக்குள். படகடியில் சிக்கிக் கிடந்த வஞ்சிரத்தை, கரையில் இழுத்துக் கட்டியவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஜெயா நம்பரும் என் நம்பரும் நினைவுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். நடுக்கத்தில் ஒன்பதும் ஆறும் மாறிக்கொண்டே இருந்ததாம்.

பிறகு பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். வாரா வாரம் கடலுக்குப் போனது எல்லாம் பொய். மூன்று மாதமாக ஆற்றங்கரையில்தான் உட்கார்ந்திருந்தான். ஜெயாவிடமும் கேன்டீனிலும் கடல் என்று சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்று.

“நீரு அடிக்கலைன்னா கடலுக்குப் போவக் கூடாதுல்லா. அதானே பேச்சு. நேத்து காலைல உம்ம நம்பரப் பாத்ததும், சரி, மனசு எறங்கிட்டாருன்னு ஓடுனேன். சாப்பாட்டுப் பைய மறந்துட்டேன் பாத்துக்கிடும்.”

நேற்று காலை இல்லை, இன்று காலை என்று திருத்தினேன். அதைத்தான் திருத்த முடிந்தது. அடித்தது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடல் அடித்துப் போட்ட ஆள், நான் இறங்கி வந்தேன் என்ற ஒரே சந்தோஷத்தில் பரோட்டா தின்கிறான். அதையும் பிடுங்குவதா.

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

இரண்டு பேரும் ஒரே பைக்கில் முடசலோடை போய், அவன் பைக்கையும் எடுத்துக்கொண்டு வீடு. என்ன குளிர். என்ன நிம்மதி. மல்லிகாவும் ஜெயாவும் வாசலில் நின்றார்கள். ஜெயா அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, சாப்பாட்டுப் பை எங்கே என்பது. மிஸ்டு கால் விஷயத்தை நான் சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று ஜெயாவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டினாள்.

16.10.2012, செவ்வாய்

மேகம். காற்று குறைந்தது. கடல் இன்னும் ஆகாது. முகத்துவாரம் கலங்கல். வாய்க்கால் வழக்கம்போல்.

பர்ஸ்ட் ஷிப்ட். கேன்டீனில் நான் நுழைந்ததும் ஒருவன், “வாங்க காத்து ஜோசியரே” என்றான். செ. வொர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டான். புகையைப் பார்த்துப் பார்த்து ஜோசியருக்குக் கண்ணு கரி பிடிச்சிட்டுதாம். ஒருவர் தன் மகள் கல்யாணத்தன்று மழை வருமா என்று கேட்டார், வராது என்று நான் சொன்னால் பந்தல் போடுவாராம்.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். வேறு நாளாக இருந்தால் தட்டு பறந்திருக்கும். அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஜோசியர் ஆகலாம். என் அப்பளத்தை அவனே எடுத்துத் தின்றான்.

18.10.2012, வியாழன். ஐப்பசி 2

காலை முதல் தூறல், மாலையில் கனத்த மழை. வடகிழக்குப் பருவம் வந்துவிட்டது என்று ரேடியோ. எனக்குச் சனிக்கிழமையே தெரியும் என்று சொல்ல ஆசை. ஆள் இல்லை.

புரட்டாசி முடிந்தது. ஜெயா சங்கரா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். தேங்காய் அரைத்து ஊற்றுகிற அவர்கள் ஊர்க் குழம்பு. மூன்று தட்டு.

சாப்பிட்டு முடித்ததும் மல்லிகாவின் தீர்ப்பு. கடல் கிடையாது. ஆறு, வாய்க்கால், ஏரி, எங்கே வேண்டுமானாலும் போகலாம். கடலுக்குப் போவதாக இருந்தால் நேராகச் சொல்லிவிட்டு, அவளையும் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏழு வருஷப் பொய்க்கு இவ்வளவு சின்ன தண்டனையா என்று ஆச்சரியமாக இருந்தது. சத்தியம் இந்தத் தடவை வேண்டாமாம். உங்க சத்தியத்த உப்புல ஊற வச்சிக் குடுத்தாலும் வேணாம் என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து: “அண்ணங்கிட்ட நாந்தான்னு சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“நாஞ் செஞ்ச தப்ப நீங்க எதுக்குச் சொமக்கறீங்க?”

அவளுக்காக மட்டும் சுமக்கவில்லை. அவள் அடித்தாள் என்று சொன்னால், நான் அடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். காற்று வரும் என்று தெரிந்தும் ஒரு தெரு தாண்டிப் போய்ச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். தப்பாகப் பார்த்தவன் என்ற பெயர் இதற்கு எவ்வளவோ தேவலை. ஆனால் குழம்பு இறங்க மாட்டேன் என்கிறது. (மூன்று தட்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். இறங்கிய பிறகுதான் இறங்க மாட்டேன் என்றது.)

வாங்க வேண்டியவை: கொடிக்கயிறு. செ.வுக்கு ஒரு ராடு, நான் கொடுப்பது. முப்பது பவுண்டு நரம்பு. அவன் அதைத் தங்கூசி என்பான், கடைக்காரருக்குப் புரியாது.

21.10.2012, ஞாயிறு

வீக் ஆஃப். இரவெல்லாம் மழை, விடிந்ததும் நின்றது. மந்தாரம்.

மிஸ்டு கால் எதுவும் இல்லாமல் செ. ஆறு மணிக்கு வாசலில் வந்து ஹார்ன் அடித்தான். வெள்ளாறு போனோம். மல்லிகா இட்லி கட்டிக் கொடுத்தாள், இரண்டு பேருக்கும்.

வெள்ளாறு: மேலேயிருந்து மழைத் தண்ணீர், செம்மண் நிறம். உப்பு இறங்கிவிட்டது. மரக்கிளை, வெங்காயத்தாமரை மிதந்து வருகிறது. கொடுவா கலங்கலில் கடிக்காது, கடலோரம் போய்விட்டிருக்கும். ஏற்றம் சின்னது, அஷ்டமி நெருங்குகிற தண்ணீர். மண்புழுவுக்கு இரண்டு கெளுத்தி, முள் குத்தியது வேறு. இதைவிட மோசமான நாள் தூண்டிலுக்குக் கிடையாது. பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து புது ராடை அவன் வளைத்து வளைத்துப் பார்த்தான்.

பத்து மணி இருக்கும். இட்லி தின்று கை கழுவினோம். சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து.

அன்றைக்குப் போன் அடித்தது நான் இல்லை, மல்லிகா. அவளுக்கு ஒன்று இரண்டு கணக்கு தெரியாது. நான் புகையைச் சரியாகத்தான் பார்த்தேன். சனிக்கிழமையே தெரியும். உன் வாசல் வரைக்கும் வந்தேன், சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அவன் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்தான். கொக்கியில் புழு இல்லை. வேறு புழு மாட்டவில்லை.

ஒரு பஸ் பாலத்தில் போயிற்று, இன்னொரு பஸ் போயிற்று.

“அப்பம் நீரு தப்பாப் பாக்கல.”

இல்லை என்றேன்.

“நானும் ஒண்ணு சொல்லணும்வே. நீரு வைவீரு, வைஞ்சுக்கிடும்.” மூக்கை உறிஞ்சினான். “கடல் ஏறுனப்பம், என்ஜின் நின்னுச்சுல்லா, அப்பம் நெனச்சேன். இந்த மனுசன் ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. இன்னைக்கி ஒரு ரிங்கு அடிச்சிருக்காருன்னா, வேணும்னே அனுப்பிட்டாருன்னு. கொடுவாக்குப் பதிலுன்னு. ஒரு மணி நேரம் அப்பிடித்தாம்வே நெனச்சுக்கிட்டு வந்தேன். கரையேறி உம்ம குரலக் கேட்ட பெறவுதான் அது போச்சு.”

என் தூண்டிலைக் கரையில் வைத்தேன்.

கேன்டீனில் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது இதற்குத்தான் என்று புரிந்தது. நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்பதை அவன் ஊரெல்லாம் சொன்னது கேலிக்கு மட்டும் இல்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சொல்லியிருக்கிறான். தப்பாகப் பார்த்தேன் என்றால் நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதைச் சொன்னேன். அவன் சரி என்றான். அவன் அழுதான், நானும். இரண்டு கிழடுகள் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, துணி துவைக்க வந்த பெண் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டாள். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கும் வரை.

கிளம்பும்போது ராடைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்.

“இனிமே ரிங்கு விட்டுக் கட் பண்ணாதீரும். நான் எடுக்கேன். பேசும்.”

பிடித்தது: கெளுத்தி 2. விரல் வீங்கியிருக்கிறது. நன்றாகத் தூக்கம் வருகிறது.

22.10.2012, திங்கள்

செகண்ட் ஷிப்ட். ஆனாலும் நாலரைக்கு விழித்துக்கொண்டேன். மழை. இரண்டு ஸ்டேஷனும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை, தோட்டத்துச் சுவரே தெரியவில்லை.

போன் அடித்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தான்.

சொல்ல ஒன்றும் இல்லை. மழை பெய்யுது என்றேன்.

“இங்கயும்தாம்வே” என்றான், அடுத்த பிளாக்கிலிருந்து.